பன்றி என்றால் நன்றி

என் வீட்டுக்காரி கோபம் வந்தா கத்த மாட்டா. எனக்கு அதுதான் பயமே. நான் கத்துற ரகம். கத்துவேன், எதிராளி சட்டையைப் பிடிக்கப் போவேன், யாராவது இடையில வந்து என்னைப் பிடிச்சா "விடுங்கய்யா என்னை"ன்னு துள்ளுவேன், நிஜமாவே விட்டுட்டா என்ன செய்யறதுன்னு தெரியாம முழிப்பேன். அவ அப்படி இல்ல. கோபத்தை ஆறவே விடாம உள்ளுக்குள்ள சூடா வெச்சிருப்பா. ஒரு ஆள் மேல அவ வெச்சிருந்த கோபம் எங்க கல்யாணத்தை விட மூத்தது.

அவ வேலை, ஆலை ஆலையா போய் தொழிலாளிங்க காதைச் சோதிக்கிறது. நான் அவ போற வண்டிக்கு டிரைவர். வண்டின்னா சின்ன பஸ் அளவு இருக்கும். பின்பக்கம் ஒரு பெட்டி. சுவரெல்லாம் தடியா பஞ்சு அடைச்சு, கனமான கதவு போட்டு, ஒரே ஒரு கண்ணாடி ஜன்னல் வெச்சது. தொழிலாளி உள்ள போய் ஹெட்போனை மாட்டிக்கிட்டு உக்காரணும். கையில ஒரு பட்டன். பீப்னு கேட்டா அமுக்கணும். வெளிய இவ உக்காந்து சத்தத்தைக் குறைச்சுக்கிட்டே வருவா. எந்த இடத்துல அந்த ஆள் அமுக்குறதை நிறுத்துறாரோ அதுதான் அவர் காதோட எல்லை. சொல்லும்போது சாதாரணமா இருக்கும். ஆனா பெட்டியை விட்டு வெளிய வர்ற பெரிய பெரிய ஆம்பளைங்க, திருவிழாவுல தொலைஞ்ச பிள்ளை மாதிரி முழிப்பாங்க.

தொழிலாளிங்க அவளுக்கு வெச்ச பேரு காதக்கா. அவங்களை அவ பண்ணாத கேலி இல்ல. ஆலைச் சத்தம் உள்ள போகாம இருக்கத் தர்ற காது அடைப்பானை மாலை மாதிரி கழுத்துல தொங்கவிட்டு வந்து நின்ன ஒருத்தரைப் பாத்து, "ஏன் சார், உங்களுக்குக் கழுத்துலயா கேக்குது?"ன்னு கேட்டவ. இன்னொருத்தர் ஒரு காதை மட்டும் அடைச்சிருந்தார். கேட்டா, மேஸ்திரி கூப்பிட்டா கேக்கணுமேன்னார். "ஓஹோ, வீட்டுல கூப்பிட்டா கேக்க வேணாம், மேஸ்திரி கூப்பிட்டா மட்டும் கேக்கணுமாக்கும்"னா. வரிசையே சிரிச்சுது. சிரிப்பு அடங்கினதும் அந்த அடைப்பானை விரலால உருட்டி ஒல்லியாக்கி, காது மடலை மேல தூக்கி உள்ள விட்டு, அது உப்புற வரைக்கும் விரலை எடுக்கக் கூடாதுன்னு ஒவ்வொருத்தருக்கா செஞ்சு காட்டுவா. அவளுக்கு அலுக்காது. வெயில்ல நிக்கிற எனக்குத்தான் அலுக்கும்.

இந்த வேலைக்கு அவ ஆசைப்பட்டு வரல, ஆத்திரப்பட்டு வந்தா. அவங்க அப்பா, அதாவது என் மாமனார், தகடு அடிக்கிற ஆலையில பிரஸ் மெஷின் ஓட்டினவர். அந்தக் காலத்துல அடைப்பானும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. நாள் முழுக்க இடி விழுந்த மாதிரி சத்தம். கொஞ்சம் கொஞ்சமா அவருக்குக் காது போச்சு. நஷ்டஈடு கேட்டு மனு குடுத்தார். ஆலையில சோதனை வெச்சாங்க. என்ன சோதனை தெரியுமா? மாமாவைச் சுவத்தைப் பாத்து நிக்க வெச்சு, அவரோட சூப்பர்வைசர் பின்னாடி வந்து ஒரு பெரிய ஸ்பேனரைத் தரையில போட்டான். மாமா திரும்பிட்டார். "பாத்தீங்களா டாக்டர், காது கேக்குது! ஆள் நடிக்கிறான்"னான் அந்தச் சூப்பர்வைசர். ஆலை டாக்டரும் தலையை ஆட்டி அப்படியே எழுதிட்டார். மனு குப்பைக்குப் போச்சு.

அடப்பாவிங்களா! தரை என்ன தரை? இரும்புத் தகடு பதிச்ச தரை. பிரஸ் ஓட்டுறவங்களுக்கு உள்ளங்கால்லதான் உசுரு. பக்கத்து மெஷின் இறங்குதா ஏறுதான்னு தரை அதிர்றதை வெச்சு தெரிஞ்சுக்கணும், இல்லேன்னா கை போயிடும். மாமா கால்ல கேட்டுத் திரும்பினார். இது அங்க வேலை செஞ்ச ஒவ்வொருத்தனுக்கும் தெரியும். சூப்பர்வைசருக்குத் தெரியாதா? தெரிஞ்சே செஞ்சான்னு என் வீட்டுக்காரி சொல்லுவா. தெரியாம செஞ்சிருந்தா இன்னும் மோசம்னு நான் சொல்லுவேன். இதுல மட்டும் எங்களுக்குள்ள ஒத்தே வராது.

மனு போனது கூடப் பரவாயில்ல. பேரு போச்சே, அதுதான் தாங்கல. அன்னையிலிருந்து மாமாவுக்கு 'நடிகர்'னு பட்டம். ஆலை வாசலோட நிக்காம தெருவுக்கும் வந்துடுச்சு. "வாங்க நடிகரே, ஷேவிங்கா கட்டிங்கா?"ன்னு சலூன்காரர் கேப்பார். மாமா சிரிச்சுக்கிட்டே போய் நாற்காலியில உக்காருவார். அவருக்குத்தான் கேக்காதே! கேட்டதெல்லாம் இவளுக்கு. பள்ளிக்கூடத்துல நடிகர் பொண்ணு, பஸ் ஸ்டாப்புல நடிகர் பொண்ணு, எங்க கல்யாணப் பத்திரிகையைக் கையில வாங்கினப்போ கூட ஒருத்தன் "ஓ, நடிகர் வீட்டுக் கல்யாணமா"ன்னான். நான் அவன் சட்டையைப் பிடிக்கப் போனேன். யாரும் தடுக்காததால திரும்பி வந்துட்டேன். மாமாவுக்கு இன்னைக்கு வரைக்கும் அந்தப் பட்டம் இருக்கிறதே தெரியாது. பிற்பாடு இவ படிச்சு வேலைக்கு வந்து மறுபடி மனு போட்டப்போ, காலம் கடந்துபோச்சுன்னு வாரியம் கையை விரிச்சிடுச்சு. அதுக்குள்ள காதுல மாட்டுற மெஷினும் உதவாத அளவுக்கு மாமாவுக்குக் காது போயிருந்துச்சு. அப்புறம் மீட்க வேண்டியது அந்தப் பேரு ஒண்ணுதான்.

அப்படி இருக்கும்போது ஒரு நாள், நஷ்டஈட்டு வாரியத்து வளாகத்துல வண்டியை நிறுத்தியிருந்தோம். வாரியம் அனுப்புற ஆளுங்களை இவ சோதிச்சு, நிஜமாவே காது போயிருக்கா, சும்மா சொல்றாங்களான்னு எழுதிக் குடுக்கணும். மடிப்புக் கலையாத சட்டையும் நரைச்ச மீசையுமா ஒரு பெரியவர் படியேறி வந்தார். "வணக்கம் மேடம்!"னு ஊருக்கே கேக்கிற மாதிரி கத்தினார். காது போனவங்க எல்லாரும் அப்படித்தான் பேசுவாங்க. இவ நிமிந்து பாத்தா. அவ்வளவுதான், முகத்துல ரத்தமே இல்ல. எனக்கு விளங்கிடுச்சு.

அவனேதான். தனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு காட்டுறதுக்காகவே காதுல எதுவும் வெச்சுக்காம பிரஸ் வரிசையில மீசையை முறுக்கிக்கிட்டு நடந்த சூப்பர்வைசர். இப்ப ரிட்டயர் ஆகி, தனக்குக் காது போச்சு, நஷ்டஈடு வேணும்னு வந்து நிக்கிறான். இவளை அவனுக்கு அடையாளம் தெரியல. வேண்டியவங்க, வேண்டாதவங்க யாரையும் நாமளே சோதிக்கக் கூடாது, விலகிக்கணும்னு விதி இருக்கு. இவ அதைப் பத்தி மூச்சு விடல. "உக்காருங்க சார்"னா.

பீப் சோதனை முடிஞ்சுது. கனமான சத்தமெல்லாம் அவனுக்கு ஓரளவு கேட்டுச்சு. கீச்சுன்னு வர்ற சத்தம் சுத்தமா போச்சு. ஆலைச் சத்தத்துல போன காது அப்படித்தான் இருக்கும், நடிச்சா வராது. அடுத்தது வார்த்தை சோதனை. இவ மைக்குல வார்த்தை சொல்லணும், உள்ள இருக்கிறவர் திருப்பிச் சொல்லணும். உதட்டைப் பாத்துக் கண்டுபிடிச்சிடக் கூடாதுன்னு ஒரு அட்டையால வாயை மறைச்சுக்குவா. இந்த மாதிரி காதுல 'ஆ', 'ஈ'ங்கிற ஓசை விழும், முன்னாடி வர்ற எழுத்து விழாது. மரம்னா கரம்பாங்க, பல்லுன்னா கல்லும்பாங்க.

இவ அட்டையைத் தூக்கிப் பிடிச்சா. மைக்கை நல்லா தணிச்சு வெச்சா. நான் பின்படியில நின்னு பாத்துக்கிட்டிருக்கேன்.

"பாவி"ன்னா இவ.

"சாவி"ன்னான் அவன், ரொம்ப அக்கறையா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அவ வெச்சிருக்கிற வார்த்தைகள்ல அப்படி ஒண்ணு கிடையவே கிடையாது.

"பொய்யா."

"கொய்யா."

"நாய்."

"தாய்... இல்ல, காய்" – அவனே திருத்திக்கிட்டான்.

"பன்றி."

"நன்றி"ன்னு சொல்லி, கண்ணாடி வழியா பார்த்துத் தலையை வேற ஆட்டினான்.

முதல்ல எனக்குச் சிரிப்பு வந்துச்சு, வாயைப் பொத்திக்கிட்டேன். அப்புறம் இவ நிறுத்தவே இல்ல. வார்த்தையை விட்டுட்டு வாக்கியமாவே ஆரம்பிச்சுட்டா. எங்கப்பாவை நடிகன்னு சொன்னியேடா, நீ நல்லா இருப்பியா, உன் வாய் அழுகிப் போகாதான்னு அட்டைக்குப் பின்னாடி தணிஞ்ச குரல்ல, மூச்சு வாங்க வாங்க சொல்லிக்கிட்டே போறா. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் தலையைச் சாய்ச்சு, நெத்தியைச் சுருக்கி, பரீட்சை எழுதுற பிள்ளை மாதிரி உக்காந்திருக்கான். கடைசியில பாவமா சிரிச்சு, "கொஞ்சம் மெதுவா சொல்லுங்க மேடம், புடிக்க முடியல"ன்னான்.

அந்தச் சிரிப்பைப் பாத்ததும் எனக்குக் கொதிச்சுது. உள்ள போய் ஒண்ணு வெச்சிருப்பேன், இவ வேலை போயிடுமேன்னு கீழ இறங்கிட்டேன். இறங்கின வேகத்துல பின்கதவை ஓங்கி அறைஞ்சேன். வண்டியே குலுங்கிச்சு.

மறுபடி கதவைத் திறந்தா, அவன் பெட்டிக்குள்ள கழுத்தைத் திருப்பிப் பின்னாடி பாத்துக்கிட்டிருக்கான். இவ எழுதுற பேனாவை அப்படியே அந்தரத்துல பிடிச்சிருக்கா.

"திரும்பிட்டான்டி!"ன்னேன். "எழுது! சத்தத்துக்குத் திரும்பினார், நடிக்கிறார்னு எழுது. அவன் சட்டம், அவனுக்கே. எழுதுடி!"

என் மேல ஒரு பார்வை, அவன் மேல ஒரு பார்வை. ஒரு வரி போதும். அவனுக்கு ஒரு மருந்தும் கிடையாது, ஒரு மெஷினும் கிடையாது, நஷ்டஈடும் கிடையாது. அவன் தெருவுல அவனும் நடிகன். எத்தனை வருஷமா காத்திருந்தது, தட்டுல வெச்சு நீட்டின மாதிரி வந்து நிக்குது. நானா இருந்தா எழுதிட்டு அடியில கோடு வேற போட்டிருப்பேன்.

அவ உள்ளதை உள்ளபடி எழுதினா. காது நிஜமாவே போயிருக்கு, ஆலைச் சத்தத்துல போனது, ரெண்டு காதுக்கும் மெஷின் தேவைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டா. அவன் அவளைக் கும்பிட்டுட்டு இறங்கிப் போனான்.

வீட்டுக்குத் திரும்புற வழியெல்லாம் நான் திட்டிக்கிட்டே ஓட்டினேன். "மகாத்மா ஆயிட்டியா நீ? உங்கப்பன் முகத்துல எப்படி முழிப்பே?"

"மகாத்மாவுமில்ல, மண்ணாங்கட்டியுமில்ல"ன்னா. "திரும்பினான்னு எழுதினா, அன்னைக்கு அப்பாவுக்குச் செஞ்சது சரின்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். அதை விடுங்க. நான் அவனை என்னென்னவோ திட்டினேன். பாத்தீங்கல்ல? நன்றிங்கிறான். சுவத்துல முட்டிக்கிட்ட மாதிரி இருந்துச்சுங்க எனக்கு. அவன் காதுல விழாத திட்டு எனக்கு எதுக்கு? முதல்ல அவனுக்குக் காது வரட்டும்."

இப்படிப்பட்டவகிட்டயா நான் உப்புக் கம்மின்னு சண்டை போட்டேன்னு நினைச்சேன்.

வாரியம் மெஷின் குடுத்துச்சு. அதைப் பொருத்தி, காதுக்குத் தகுந்த மாதிரி சரி பண்ணிக் குடுக்கிறதும் இவ வேலைதான். அவனை வரச் சொன்னா. இந்தத் தடவை பெட்டியும் இல்ல, அட்டையும் இல்ல. எதிர் நாற்காலியில உக்காந்து, ரெண்டு காதுலயும் மெஷினை மாட்டி, கம்ப்யூட்டர்ல பாத்துப் பாத்துத் திருத்தினா. இவ்வளவு பொறுமையா யாருக்கும் செஞ்சு நான் பாத்ததில்ல. அவன் கண்ணு கலங்கிடுச்சு. தன் சட்டை உரசுற சத்தம் கேக்குதுன்னான். வெளிய ஏதோ குருவி கத்துதுன்னான்.

"பன்றி"ன்னா இவ, மெதுவா.

"பன்றி"ன்னான். சொல்லிட்டு, "என்ன மேடம் இது, இப்படி ஒரு வார்த்தையா வெப்பாங்க?"ன்னு சிரிச்சான்.

"நல்லா கேக்குதுல்ல? அப்ப நான் சொல்றதையும் கேளுங்க. உங்க ஆலையில பிரஸ் ஓட்டினார் ஒருத்தர். சுவத்தைப் பாத்து நிக்க வெச்சு பின்னாடி ஸ்பேனரைப் போட்டீங்க. நடிகர்னு பேர் வெச்சீங்க. நான் அவர் பொண்ணு."

"ஞாபகம் இருக்கும்மா"ன்னான். "ஆனா அவர் திரும்பினாரே. நான் என் கண்ணால பாத்தேனே."

என்ன தைரியம் பாருங்க! நான் சட்டைக் கையை மடக்கினேன். இவ என்னைத் திரும்பிக் கூடப் பாக்கல.

"போன தடவை நீங்க பெட்டிக்குள்ள இருந்தப்ப என் வீட்டுக்காரர் வண்டிக் கதவை அறைஞ்சார். திரும்பினீங்க. கேட்டுச்சா?"

"இல்லம்மா, கேக்கல. வண்டி ஆடிச்சு. கால்ல ஒரு அதிர்வு..."

சொல்லிக்கிட்டே குனிஞ்சு தன் காலைப் பாத்தான். மீசை நடுங்கினதைப் பாத்தேன். எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு, அதை ஏன் மறைக்கணும்?

"அப்பாகிட்ட கூட்டிட்டுப் போம்மா, மன்னிப்புக் கேட்டுடறேன்"னான்.

"அப்பாவுக்குத்தான் கேக்காதே சார். கேக்காதவர்கிட்ட மன்னிப்புக் கேக்குறது ரொம்ப சுலபம். நீங்க வெச்ச பேரைக் கேட்டது எங்க தெரு. அவங்ககிட்ட சொல்லுங்க."

அவன் யோசிச்சான். யோசிக்கட்டும்னு நான் வண்டியை ஸ்டார்ட் பண்ணிட்டேன்.

தெரு முனையில இறக்கினோம். முதல் கடை சலூன். இவ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நடுவுல அவன். நாற்காலியில ஒருத்தர் முகமெல்லாம் சோப்பு நுரையோட உக்காந்திருந்தார். அவன் தொண்டையைச் செருமிட்டு, "நான் அந்த ஆலையில சூப்பர்வைசரா இருந்தவன். இவங்க அப்பா நடிக்கல. அவருக்கு நிஜமாவே காது கேக்காது. நான்தான் அநியாயமா பொய்யனாக்கிட்டேன்"னான். சலூன்காரர் கத்தியைப் பிடிச்சபடி மேலும் கீழும் பாத்தார். இத்தனை வருஷம் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டவரே அவர்தான். அந்த வெக்கத்தை யார் மேலயாவது இறக்கணும்ல? "நீயெல்லாம் ஒரு மனுஷனாய்யா?"ன்னார். நுரைக்குள்ள இருந்தவர் அதைவிட மோசமா ஒண்ணு சொன்னார், நான் அதை இங்க சொல்ல மாட்டேன். அவன் முகம் சுருங்கிச்சு. எல்லாம் கேட்டுச்சு அவனுக்கு, ஒரு எழுத்து கூட தப்பல.

பஞ்சர் கடை, இஸ்திரிக் கடை, மாவு மில்லுன்னு ஒவ்வொண்ணா ஏறி இறங்கினோம். மில்லுல சத்தம் ஜாஸ்தியா இருந்துச்சு. இவ அரவை மெஷினை நிறுத்தச் சொல்லிட்டு, "இப்ப சொல்லுங்க சார்"னா. மில்லுக்காரம்மா காறித் துப்பினது கூட அவனுக்குக் கேட்டிருக்கும்.

அப்புறம் எங்க மாமனார் வீடு. மாமா வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்திருந்தார். அவனைப் பாத்ததும் அடையாளம் தெரிஞ்சு எழுந்து நின்னுட்டார். "அட, சூப்பர்வைசர் சார்! என்ன இவ்வளவு தூரம்? ஏம்மா, சாருக்கு உக்கார நாற்காலி எடுத்துப் போடு, தண்ணி குடு!"ன்னு தெருவே அதிரக் கத்தினார். எனக்கு அழுகையே வந்துடுச்சு. மனுஷன் மனசுல ஒண்ணுமே வெச்சுக்கல. வெச்சுக்கிட்டதெல்லாம் பொண்ணும் பொண்டாட்டியும்தான். சார் வேலையா வந்திருக்கார், அவசரமா போகணும்னு இவ அவருக்குக் கையைக் காட்டினா. அவர் நம்பிட்டார்.

சத்தம் கேட்டு என் மாமியார் வெளிய வந்தாங்க. ஈரக் கையைப் புடவையில துடைச்சுக்கிட்டே நேரா அவன்கிட்ட போனாங்க. அறைவாங்கன்னு நினைச்சேன். அறையல. அவன் காதுகிட்ட போய் ரொம்ப மெதுவா, பிள்ளையைத் தூங்கவைக்கிற குரல்ல பேசினாங்க. பக்கத்துல நின்ன எனக்கே பாதிதான் பிடிபட்டிருக்கும், நான் காதைத் தீட்டிக்கிட்டு நின்னதால முழுசும் கேட்டேன்.

"என் புருஷன்கிட்ட இவ்வளவு மெதுவா பேசி எத்தனை காலமாச்சு தெரியுமா? எங்களுக்குள்ள எதுவா இருந்தாலும் தெருவுக்கே கேக்கிற மாதிரி கத்தித்தான் சொல்லணும். ஒரு பொண்டாட்டி அப்படி வாழ்ந்தா எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாது. உன் காதைச் சரி பண்ணின என் பொண்ணு நல்லா இருக்கட்டும். நீ நல்லா கேளு. உன் பிள்ளைங்க உன் முதுகுக்குப் பின்னாடி உன்னைப் பத்தி என்ன பேசுறாங்களோ, உன் மருமக அடுப்படியில என்ன முணுமுணுக்கிறாளோ, எல்லாம் உன் காதுல விழணும். சாகுற வரைக்கும் ஒண்ணு விடாம விழணும்."

சொல்லிட்டு உள்ள போயிட்டாங்க. மாமா எங்க எல்லார் முகத்தையும் மாத்தி மாத்திப் பாத்துச் சிரிச்சுக்கிட்டு நிக்கிறார். அவன் கண்ணுல தண்ணி. கை மெல்ல மேல போச்சு, காதுல இருக்கிற மெஷினை எடுக்க.

என் வீட்டுக்காரி அந்தக் கையைப் பிடிச்சுக் கீழ இறக்கினா.

"கழட்டாதீங்க சார். இன்னும் பாதித் தெரு இருக்கு."